ஸ்காரா பிரேவுக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஸ்காட்லாந்தின் வடக்கில், ஓர்க்னி தீவுகளில், ஸ்கெயில் விரிகுடாவின் கரையில் இருக்கிறது ஸ்காரா பிரே. சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் மக்கள் வாழ்ந்த கல் ஊர் இது. மணல் மூடிக் காத்ததால்தான் அழியாமல் நின்றது. 1850இல் அடித்த புயல் அதை வெளிக்கொண்டுவந்தது. 1999 முதல் இது உலகப் பாரம்பரியச் சின்னத்தின் ஒரு பகுதி. மணல் செய்த காவலை இனி பார்க்க வருகிறவர்களும் சேர்ந்து செய்தாக வேண்டும்.

செய்ய வேண்டியவை

• முதலில் மாதிரி வீட்டுக்குள் போய் வாருங்கள். பாதுகாப்புக்காக மூடி வைத்திருக்கும் 7ஆம் எண் வீட்டைப் பார்த்துக் கட்டியது அது. வீட்டின் அமைப்பு அங்கேயே புரிந்துவிடும்.

• ஊரைப் பாதையில் நின்றபடி நிதானமாகப் பாருங்கள். நடுவில் சதுர அடுப்பு, இருபுறமும் கல் கட்டில்கள், வாசலுக்கு நேர் எதிரே கல் அலமாரி. தரையில் சிறு கல் தொட்டிகளும் தெரியும். தூண்டில் இரைக்கான சிப்பிகளை அவற்றில் போட்டு வைத்திருக்கலாம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

• பிடிப்புள்ள காலணியும் காற்று மழை தாங்கும் மேலங்கியும் அணியுங்கள். கால் வழுக்கினால் கை தானாகப் பழைய சுவரைத்தான் பிடிக்கும்.

• எலும்புக் கருவியோ பானை ஓடோ கண்ணில் பட்டால், இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு ஊழியரிடம் சொல்லுங்கள். கிடந்த இடம் தெரிந்தால்தான் அந்தப் பொருளுக்கு வரலாறு உண்டு.

செய்யக்கூடாதவை

• சுவர்மேல் ஏறவோ உட்காரவோ வேண்டாம். சாந்து இல்லாமல் அடுக்கிய கற்கள் அவை. மேலே உள்ள புல் தேய்ந்தால் மழைநீர் உள்ளே இறங்கும்.

• படம் எடுப்பதற்காகக் குழந்தைகளை வீடுகளுக்குள் இறக்கிவிட வேண்டாம்.

• வீடுகளைச் சுற்றியுள்ள மண்ணைக் கிளற வேண்டாம். சாம்பலும் எலும்பும் சிப்பி ஓடும் சேர்ந்த பழைய குப்பைமேடு அது. சுவர்களுக்கு அணைப்பாக நின்று குளிரைத் தடுத்தது அதுதான். அங்கே வாழ்ந்தவர்கள் என்ன சாப்பிட்டார்கள் என்று சொல்வதும் அதுதான்.

• நினைவுக்கென்று ஒரு துண்டுகூட எடுக்க வேண்டாம். 1913இல் மண்வெட்டியோடு வந்த ஒரு கூட்டம் அள்ளிப்போனது எவ்வளவு என்று இன்றுவரை தெரியாது.

• அனுமதியில்லாமல் உலோகம் கண்டறியும் கருவியைக் கொண்டுபோக வேண்டாம். பாதுகாக்கப்பட்ட சின்னத்தில் அதைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம்.

1924இல் அடித்த புயல் ஒரு வீட்டின் பகுதியைக் கடலுக்குள் இழுத்துக்கொண்டது. அதன்பின் தடுப்புச் சுவர் எழுப்பியும் கடல் இன்னும் கரையை அரிக்கிறது. அதைத் தடுப்பது பெரிய வேலை. காலாலும் கையாலும் வரும் சேதத்தையோ ஒவ்வொருவரும் இன்றே நிறுத்திவிடலாம்.