ஏற்றத்தில் மூச்சு வாங்கும் ரோட்கிங்

கேள்வி: அப்பாவின் யெஸ்டி ரோட்கிங் ஓராண்டு சும்மா நின்றது. இப்போது சமதரையில் ஓடுகிறது. மாதேஸ்வரன் மலை ஏற்றத்தில் இழுக்காமல் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரைக் கழுவியும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகர், மார்டள்ளி

பதில்: உங்கள் வண்டி பக்கத்து ஊர்க்காரர்தான்! மைசூரு ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் பிறந்தது. அது 1996-ல் மூடப்பட்டாலும் யெஸ்டிகள் இன்னும் ஓடுகின்றன.

ஐடிலிங் சரியாக இருந்து, ஏற்றத்தில் மட்டும் திணறினால் பெரும்பாலும் பெட்ரோல் போதவில்லை என்று பொருள். வண்டி அணைந்ததும் டேங்க் மூடியைத் திறந்து மூடிப் பாருங்கள். உடனே தெளிந்தால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. இல்லையெனில் பெட்ரோல் டேப்பின் வடிகட்டி, மிதவையின் மட்டம், மெயின் ஜெட் என்று வரிசையாகப் பாருங்கள்.

ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். பித்தளை மென்மையானது, துளை பெரிதாகிவிடும்; காற்றழுத்தமே போதும். கிளீனர் தெளிக்குமுன் ரப்பர் வளையங்களைக் கழற்றிவிடுங்கள்.

கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் இடையே கேஸ்கெட்டில் காற்றுக் கசிவு இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இந்த டூ-ஸ்ட்ரோக் வண்டியில் ஆயில் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். ஸ்பார்க் பிளக் காப்பி நிறமாக இருந்தால் நலம். வெளுத்திருந்தால் ஏற்றத்தில் முறுக்காதீர்கள்.

இனி நெடுநாள் நிறுத்தும்போது, கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலை வடித்துவிட்டு நிறுத்துங்கள்.