மனநோய் மாத்திரையும் வயல் வேலையும்

2001 ஆகஸ்டில் ஏர்வாடித் தீயில், சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர் 25 பேருக்கு மேல் மாண்டனர். சங்கிலிக்கு மாற்றாக மாத்திரை அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது.

1952-இல் பாரிஸ் மருத்துவர்கள் மனநோய்க்கு வழங்கிப் பயன் கண்ட குளோர்புரோமசின் இன்றும் வழக்கில் உள்ளது. இல்லாத குரல் கேட்பதையும் காரணமற்ற ஐயத்தையும் அது தணிக்கும். முழுப்பயன் தெரியச் சில வாரங்கள் செல்லும். நான்கு நாளில் கைவிடுவதும் தவறு. குணமாயிற்றெனத் தாமே நிறுத்துவதும் தவறு. பின்னதால் நோய் மீளக்கூடும். நிறுத்துவதையும் குறைப்பதையும் மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும்.

உழவர்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டியது வெயில். இம்மருந்து உண்பவரின் தோல் எளிதில் கன்றும். வெப்பத்தைத் தாங்கும் ஆற்றலும் குறையும். உச்சிவேளையில் வயலில் நிற்கலாகாது. முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் அணிந்து, நிறையத் தண்ணீர் பருகுதல் நன்று. சட்டென எழுந்தால் தலை சுற்றும். ஆதலின் தென்னை, பனை ஏறலாகாது. கள்ளும் சாராயமும் கூடவே கூடா. கை நடுங்கினாலும், ஓரிடத்தில் இருக்கமாட்டாத தவிப்பு நேர்ந்தாலும் மருத்துவரிடம் கூறுக. அளவை மாற்றித் தருவார். கடுங்காய்ச்சலுடன் உடல் விறைத்தால் விடியும்வரை காத்திராது மருத்துவமனைக்குக் கொண்டு செல்க.

மாத்திரையை வீட்டில் பொறுப்புள்ள ஒருவர் எடுத்துக் கொடுப்பது நலம். 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் மனநல ஆலோசனை பெறலாம். அதனை ஊராட்சி அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்பீர்களாக.