தறிக்குழியில் பிறந்த முயல்குட்டிகள்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. விலங்கியல்

முயல் என்றவுடன் நம் நினைவுக்கு வருவன இரண்டு. ஒன்று, ஆமையிடம் தோற்ற முயல். மற்றொன்று, சிறுவயதில் பாட்டி நிலவில் காட்டிய முயல். சென்ற ஆண்டு ஐப்பசி மாதம் வரை முயலைப் பற்றி நானும் அதற்கு மேல் அதிகம் அறிந்திருக்கவில்லை. விலங்கியல் மாணவி இவ்வாறு கூறலாமா என்று நீங்கள் நகைக்கக் கூடும். தேர்வுக்காகப் படித்த அறிவு வேறு. வீட்டு மூலையில் துடித்துக் கொண்டிருக்கும் ஓர் உயிரைக் காக்க வேண்டிய அறிவு வேறு. இந்த வேறுபாட்டை நான் கற்றுக்கொள்ள இரண்டு குட்டிகளின் உயிர் விலையாயிற்று. அந்தப் பாடத்தை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரண்டும் பெட்டை

எங்களுடையது கைத்தறி நெசவுக் குடும்பம். வீட்டில் முன்பு இரண்டு குழித்தறிகள் ஓடின. கூலி கட்டுப்படியாகாததால் ஒன்றை விற்றுவிட்டோம். குழி மட்டும் மிச்சம். ஆனி மாதம் வாரச் சந்தையில் என் தங்கை பிடிவாதம் பிடித்து இரண்டு வெள்ளை முயல்குட்டிகளை வாங்கினாள். "ரெண்டும் பெட்டைங்க, குட்டி போட்டுப் பெருகிடும்னு பயமே வேண்டாம்" என்றார் விற்றவர். அப்பா என் முகத்தைப் பார்த்தார். 'பி.எஸ்ஸி. படிக்கிற பெண்ணாயிற்றே' என்பது அந்தப் பார்வையின் பொருள். முயலைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் நானும் தலையசைத்தேன்.

ஐப்பசி மாதத்து மழைநாள் ஒன்றில், பழைய தறிக்குழியில் பஞ்சு சிதறிக் கிடக்கிறதே என்று அம்மா குனிந்து பார்த்தார். அது பஞ்சு அன்று, முயலின் ரோமம். குழியில் போட்டிருந்த கழிவுநூல் மூட்டையைக் கிழித்து, தன் வயிற்று ரோமத்தைப் பிடுங்கிப் பரப்பி, அதனுள் ஏழு குட்டிகளை ஈன்றிருந்தது எங்கள் 'பெட்டை'களில் ஒன்று. மற்றொன்று பெட்டை அன்று என்பதற்கு இனிச் சான்று தேவையில்லை.

ஒரே சொல், இரண்டு விலங்குகள்

குட்டிகள் விரல் நீளமே இருந்தன. உடலில் மயிர் இல்லை, கண் திறக்கவில்லை, காது தலையோடு ஒட்டியிருந்தது. எங்கள் ஆயா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுங்க குறைமாசக் குட்டிங்க கண்ணு. முயல்குட்டி மயிரோட, கண்ணத் தொறந்துக்கிட்டுத்தான் பொறக்கும். கடலைக் காட்டுல நான் எத்தனை பாத்திருக்கேன்" என்றார்.

ஆயா சொன்னது பொய்யன்று. அவர் கடலைக் காட்டில் கண்டது நம் நாட்டுக் காட்டு முயல். அதன் அறிவியல் பெயர் லெப்பஸ் நைக்ரிகாலிஸ். அது வளை தோண்டாது. வெட்டவெளியில், புல் மறைவில் குட்டி போடும். ஆகவே அதன் குட்டிகள் ரோமத்தோடும் திறந்த கண்களோடும் பிறக்கின்றன. சந்தையில் வாங்கும் வளர்ப்பு முயலோ ஓரிக்டோலேகஸ் குனிகுலஸ் என்னும் வேறு இனம். ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில் உள்ள ஸ்பெயின், போர்ச்சுகல் பகுதி அதன் தாயகம். அது மண்ணுக்குள் வளை தோண்டி வாழ்வது. வளைக்குள் பாதுகாப்பு இருப்பதால் அதன் குட்டிகள் கண் மூடி, ரோமமின்றிப் பிறக்கின்றன. ஏறத்தாழ பத்தாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள் கண் திறக்கின்றன. தமிழில் இரண்டையும் 'முயல்' என்றே அழைக்கிறோம். அந்த ஒரு சொல்லால் நிறைமாதக் குட்டிகள் எங்களுக்குக் குறைமாதக் குட்டிகள் ஆயின.

நான் செய்த பிழை

அன்று பகல் முழுவதும் தாய் முயல் குட்டிகளின் அருகே செல்லவில்லை. குழிக்கு எதிர்மூலையில் அமர்ந்து புல்லைத் தின்றுகொண்டிருந்தது. இரவு பத்து மணி வரை விழித்திருந்து பார்த்தேன், அப்போதும் செல்லவில்லை. "நீதானே படிச்சவ, என்ன செய்யலாம் சொல்லு" என்றார் அம்மா. தாய் குட்டிகளைக் கைவிட்டுவிட்டது என்று நான் தீர்ப்பளித்தேன். பசும்பாலில் தண்ணீர் கலந்து, மருந்துப் புட்டியோடு வந்த பில்லரால் குட்டிகளின் வாயில் சொட்டினேன். இரண்டு குட்டிகளின் மூக்கு வழியே பால் வெளியே வந்தது. மறுநாள் மாலைக்குள் அவ்விரண்டும் இறந்தன. பால் நுரையீரலுக்குள் இறங்கியிருக்கிறது.

வீட்டில் ஒருவரும் என்னைக் குறை கூறவில்லை. "குறைமாசம்தானே, போகட்டும்" என்றார் ஆயா.

தராசு காட்டிய உண்மை

அடுத்த நாள் கல்லூரியில் விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் எங்கள் பேராசிரியை அம்மையாரிடம் நடந்ததைக் கூறினேன். "தாய் பால் தரவில்லை என்று எதைக் கொண்டு முடிவு செய்தாய்?" என்று கேட்டார். "நான் பார்க்கவில்லை, அம்மா" என்றேன். "நீ பார்க்காததெல்லாம் நடக்காதது ஆகிவிடுமா? குட்டிகளின் வயிற்றைப் பார்த்தாயா? எடை போட்டாயா?" என்றார். விடை கூற என்னிடம் ஒன்றும் இல்லை.

நூல் எடை போடும் மின்தராசு எங்கள் வீட்டில் உண்டு. அன்றிரவு எஞ்சிய ஐந்து குட்டிகளையும் எடை போட்டுக் குறித்தேன். மறுநாள் விடிந்ததும் மீண்டும் போட்டேன். இரவில் 52 கிராம் இருந்த குட்டி காலையில் 62 கிராம் இருந்தது. மற்ற நான்கும் அவ்வாறே கூடியிருந்தன. வயிறு உருண்டு, தோலின் ஊடே பால் வெள்ளையாகத் தெரிந்தது.

வியப்போடு அப்பாவிடம் காட்டினேன். அவர் தறியிலிருந்து தலை நிமிராமலே, "நாலு மணிக்கு நான் தறியில உக்கார்றப்ப அது குழிக்குள்ள குதிக்குது. அஞ்சு நிமிசம்கூட இருக்காது, ஏறி வந்துடுது. மொத நாள்லேருந்து பாக்குறேன்" என்றார். "ஏம்ப்பா சொல்லலை?" என்றேன். "நீ படிச்சவ. உனக்குத் தெரிஞ்சிருக்கும்னு இருந்துட்டேன்" என்றார்.

தாய் முயலின் ஒழுங்கு

அதன் பின்னரே நூலகத்தில் தேடிப் படித்தேன். முயல் தன் குட்டிகளுக்கு நாளொன்றுக்கு ஒருமுறைதான் பாலூட்டும். சில முயல்கள் இருமுறை ஊட்டும். ஒவ்வொரு முறையும் மூன்று முதல் ஐந்து நிமிடமே. பெரும்பாலும் அது இரவிலோ வைகறையிலோ நிகழும். காட்டில் வாழும் தாய் முயல் பாலூட்டிய பின் வளையின் வாயை மண்ணால் மூடிவிட்டு அகன்று செல்லும். அடிக்கடி போய்வந்தால் நரி போன்ற பகைவிலங்குகளுக்கு வளை இருக்குமிடம் தெரிந்துவிடும் அல்லவா? ஆகவே நான் புறக்கணிப்பு என்று எண்ணியது, உண்மையில் காவல்.

முயலின் பால் மிகச் செறிவானது. அதில் உள்ள கொழுப்பு பசும்பாலில் உள்ளதைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. ஒரே வேளையில் குட்டி தன் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேலும் குடிக்க வல்லது. கண்ணில்லாத குட்டி சில நிமிடத்தில் பாற்காம்பைக் கண்டுபிடிப்பது மணத்தால். தாயின் பாலில் அந்த மணத்தைத் தரும் 2-மெத்தில்பியூட்-2-ஈனல் என்னும் பொருளை 2003ஆம் ஆண்டில் அறிவியலாளர்கள் கண்டறிந்து வெளியிட்டனர். என் பில்லரிலும் தண்ணீர் கலந்த பாலிலும் அந்த மணமும் இல்லை, அந்தச் செறிவும் இல்லை.

இன்னொன்றும் கண்டேன். ஒரு குட்டியின் பின்னங்காலில் கழிவுநூல் சுற்றி இறுக்கி, கால் வீங்கியிருந்தது. நல்வேளையாகக் கத்தரித்து எடுத்துவிட்டேன். நூலும் பஞ்சும் நமக்குத்தான் மெத்தை. குட்டிகளுக்குச் சுருக்குக் கயிறு. நூலை முழுவதும் நீக்கிவிட்டு, உலர்ந்த புல்லையும் தாயின் ரோமத்தையும் ஒரு பலகைப் பெட்டியில் பரப்பி, குட்டிகளை அதில் விட்டுக் குழியிலேயே வைத்தேன்.

இரண்டாவது பிழையும் ஒரு கணக்கும்

ஐந்து குட்டிகளும் பிழைத்தன. மகிழ்ச்சியில் ஒன்றை மறந்தேன். ஆண் முயலைப் பிரிக்கவில்லை. பெண் முயலுக்குச் சினைமுட்டை வெளிப்படுவது நாள் கணக்கில் அன்று. இணைசேர்ந்த ஏறத்தாழ பத்து மணி நேரத்தில் வெளிப்படும். குட்டி போட்ட அன்றே அது மீண்டும் சினையாகக் கூடும். சினைக்காலம் 30 முதல் 32 நாட்கள். கார்த்திகை பிறந்து சில நாளில், முதல் ஈற்றுக்கு முப்பத்தோராம் நாள், பெட்டியில் இன்னும் ஆறு குட்டிகள் இருந்தன. இரண்டு முயல்கள் பதின்மூன்று ஆயின.

கணித மாணவர்கள் ஃபிபனாச்சியின் முயல் கணக்கை அறிவர். 1202ஆம் ஆண்டில் அவர் எழுதிய 'லிபர் அபாசி' என்னும் நூலில், ஓரிணை முயல் ஓராண்டில் 377 இணைகள் ஆகும் என்று விடை தருகிறார். அது தாளில் போட்ட கணக்கு. மண்ணில் நடந்த கணக்கும் ஒன்று உண்டு. 1859ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் தாமஸ் ஆஸ்டின் என்பவர் வேட்டைக்காக இங்கிலாந்திலிருந்து முயல்களை வரவழைத்துத் தம் பண்ணையில் விட்டார். அவற்றின் வழித்தோன்றல்கள் கண்டம் முழுவதும் பரவிப் பயிரையும் மேய்ச்சல் நிலத்தையும் அழித்தன. அவற்றைக் குறைக்க 1950ஆம் ஆண்டில் ஒரு நோய்க்கிருமியையே பரப்ப வேண்டியதாயிற்று. "பேசாம ஏரிக்கரையில விட்டுடலாமே" என்று அக்கம்பக்கத்தார் கூறியபோது, இந்த வரலாற்றைச் சொல்லி நான் தடுத்தேன்.

நெசவுக் கூலியில் பதின்மூன்று முயல்களைப் பேண முடியாது. எட்டு வாரம் நிறைந்ததும் அரசு கால்நடை மருந்தகத்தில் குட்டிகளின் பாலினத்தை உறுதி செய்தோம். நான்கு பெண்குட்டிகளை இரண்டிரண்டாக இரு தோழியர் வீட்டுக்குக் கொடுத்தேன். ஏழு குட்டிகளைப் பக்கத்து ஊரில் முயல் வளர்ப்பவர் வாங்கிக்கொண்டார். இறைச்சிக்கும் போகும் என்பதை அவர் மறைக்கவில்லை. கிடைத்த பணத்தில் இரண்டு கம்பிவலைக் கூண்டுகள் செய்து, தாயையும் ஆணையும் தனித்தனியே வைத்தோம். அன்றிரவு தங்கை சாப்பிடவில்லை. முதல் நாளே முயலைத் திருப்பிப் பார்த்திருந்தால் அவள் அழுதிருக்க வேண்டியதில்லை.

முயல் வளர்ப்போர் நினைவிற்கொள்ள வேண்டுவன

1. விற்பவர் சொல்லை மட்டும் நம்பி இணையாக வளர்த்தல் கூடாது. இளங்குட்டியில் ஆண், பெண் வேறுபாடு எளிதில் தெரியாது. மருத்துவரிடம் காட்டுக.

2. குட்டி போட்டதைக் கண்டவுடன் ஆண் முயலை வேறு கூண்டுக்கு மாற்றுக.

3. கூட்டைக் கலைக்க வேண்டா. இறந்த குட்டியையும் ஈரமான பொருளையும் மட்டும் நீக்குக. தூய கையால் தொட்டால் வீட்டு முயல் குட்டியை ஒதுக்கிவிடும் என்னும் அச்சம் பெரும்பாலும் வீணானது.

4. காலையில் வயிற்றைப் பார்க்க. உருண்டிருந்தால் பால் கிடைத்திருக்கிறது. தோல் சுருங்கி, உடல் குளிர்ந்திருந்தால் முதலில் கதகதப்பு அளித்து, உடனே கால்நடை மருத்துவரை நாடுக. தாமாகவே பால் புகட்டுதல் தகாது.

5. தாய்க்கு எந்நேரமும் தண்ணீரும், போதிய புல்லும், வேலிமசால், அகத்தி போன்ற தழையும் வேண்டும்.

6. குட்டிகள் மூன்றாம் வாரத்தில் தழை கடிக்கத் தொடங்கும். ஆறு வாரம் வரை தாயோடு விடுவது நலம். மூன்று மாதம் ஆவதற்குள் ஆண் குட்டிகளையும் பெண் குட்டிகளையும் பிரித்துவிட வேண்டும்.

முடிவுரை

எங்கள் வீட்டில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். நம் கல்லூரியில் என்னைப் போன்றோர் பலர் உண்டு. நம் வீடுகளில் நாம் சொல்லும் சொல்லுக்கு மறுப்பு இல்லை. நாம் சரியாகச் சொன்னாலும் நம்புவார்கள். தவறாகச் சொன்னாலும் நம்புவார்கள். நான்கு மணிக்கே உண்மையைக் கண்ட அப்பா, படித்த மகளின் முன் அதைச் சொல்லாமல் இருந்தார். ஆயா தாம் கண்டதைச் சொன்னார். அது எந்த முயல் என்று விசாரித்து அறிந்திருக்க வேண்டியவள் நான். இருவரிடமும் கேட்காமல் பில்லரைக் கையில் எடுத்தேன். படிப்பு நமக்குத் தந்திருக்கும் பெரிய பொறுப்பு, சொல்வதற்கு முன் கேட்பதும், செய்வதற்கு முன் பார்ப்பதும் ஆகும்.

மார்கழியில் ஒருநாள் ஆயாவின் அருகில் அமர்ந்து, "அந்த ரெண்டும் குறைமாசம் இல்லை ஆயா. நான் பால் ஊத்தினதாலதான் செத்துச்சு" என்று சொன்னேன். ஆயா சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மத்த அஞ்சும் நல்லா மேயுதுல்ல?" என்று கேட்டார். "மேயுது" என்றேன். "அதுங்களுக்குத் தழை போட்டியா? போ, போய்ப் போடு" என்றார்.