பையனை மட்டும் பார்த்தால் போதாது

பெங்களூரில் நன்னடத்தை அலுவலராக இருக்கிறேன் என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, "அந்தப் பசங்க திருந்துவாங்களா?" என்பதுதான். நிறையப் பேர் திருந்துகிறார்கள். ஆனால் என் அறிவுரையைக் கேட்டுத் திருந்திய ஒருவனையும் நான் பார்த்ததில்லை. அம்மா, முதலாளி, வாத்தியார், ஏரியா போலீஸ்காரர் என்று அவனைச் சுற்றியுள்ள பெரியவர்கள் கொஞ்சம் மாறினால், அவன் தானாக வழிக்கு வருகிறான். ஆகவே இந்த வேலையில் முக்கால்வாசி பெரியவர்களோடுதான்.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 18 வயதுக்குட்பட்டவர்கள் மீதான வழக்குகளை, 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இளைஞர் நீதிச் சட்டத்தின்படி, இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கிறது. அதில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூக சேவகர்களும் இருப்பார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். குற்றம் செய்தான் என்று முடிவானாலும் எல்லோரையும் சிறப்பு இல்லத்துக்கு அனுப்பிவிடுவதில்லை. புத்திமதி சொல்லி அனுப்பலாம், சமூக சேவை செய்யச் சொல்லலாம், பெற்றோர் பொறுப்பில் நன்னடத்தையின் பேரில் விடலாம். இந்த நன்னடத்தைக் காலம் அதிகபட்சம் மூன்று வருடம். அந்தக் காலத்தில் அவனைக் கவனித்துக்கொள்வதுதான் எங்கள் பொறுப்பு. இதற்கு நம் பக்கத்தில் பழைய வேர் உண்டு. பிள்ளைகளுக்கென்று தனிச் சட்டத்தை இந்தியாவில் முதலில் கொண்டுவந்தது சென்னை மாகாணம், 1920-ல்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கும், உதவ நினைக்கும் தொண்டர்களுக்கும் நான் சொல்வது இவைதான். பிள்ளைகளின் அடையாளத்தை வெளியிடுவது குற்றம் என்பதால் பெயர், தெரு எதுவும் இங்கே இருக்காது.

வீட்டைப் போய்ப் பாருங்கள், அதுவும் ராத்திரியில்

பையன் பிடிபட்டதும் போலீஸ் எங்களுக்குத் தகவல் தர வேண்டும். இரண்டு வாரத்துக்குள் நாங்கள் சமூகப் புலனாய்வு அறிக்கை கொடுக்க வேண்டும். குழுமம் எடுக்கும் பல முடிவுகள் இந்த அறிக்கையை நம்பித்தான் இருக்கின்றன. "தந்தை குடிகாரர், கெட்ட சகவாசம், படிப்பில் நாட்டமில்லை" என்று எழுதினால் அது எந்தப் பையனுக்கும் பொருந்தும், எதற்கும் உதவாது.

நான் கேட்பது வேறு. காலையில் அவனை எழுப்புவது யார்? ராத்திரி யாரோடு சாப்பிடுகிறான்? எங்கே படுக்கிறான்? ஸ்ரீராமபுரம், ஓகலிபுரம், ஈஜிபுரா மாதிரி இடங்களில் லைன் வீடுகள் பெரும்பாலும் ஒரே அறைதான். அக்கா, தங்கை வளர்ந்த பிறகு பையனுக்கு அந்த அறையில் படுக்க இடமில்லை. மாடிப்படியில், பார்க் பண்ணிய ஆட்டோவில், நண்பன் வீட்டு மொட்டைமாடியில் படுக்கிறான். அவன் ராத்திரி சுற்றுவதற்குக் காரணம் திமிர் அல்ல, இடநெருக்கடி. இதைப் பகலில் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து கண்டுபிடிக்க முடியாது. "எட்டு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும்" என்று நிபந்தனை போட்டால் இவன் என்ன செய்வான்? ஒரு பையனுக்கு, இரண்டு தெரு தள்ளியிருந்த பாட்டி வீட்டுத் திண்ணையில் படுக்க ஏற்பாடு செய்தோம். அவன் ராத்திரிச் சுற்றல் அதோடு நின்றது.

நிபந்தனை குறைவாக இருக்கட்டும், புரியும்படி இருக்கட்டும்

பள்ளிக்குப் போ, பயிற்சிக்குப் போ, குறிப்பிட்ட இடத்துக்குப் போகாதே, போதை மீட்புச் சிகிச்சை எடு என்றெல்லாம் உத்தரவு போடக் குழுமத்துக்கு அதிகாரம் உண்டு. எல்லாவற்றையும் ஒருவன் தலையில் ஏற்றினால் முதல் மாதமே ஏதாவது ஒன்று தவறும். "ஒண்ணு போச்சு, இனி எல்லாம் போனா என்ன" என்று விட்டுவிடுவான். அவனால் செய்ய முடிகிற இரண்டு மூன்றை மட்டும் பரிந்துரையுங்கள்.

இன்னொரு சிக்கல் மொழி. பெங்களூரில் விசாரணை கன்னடத்தில் நடக்கும், உத்தரவு ஆங்கிலத்திலோ கன்னடத்திலோ வரும். வேலூர், தர்மபுரி, திருப்பத்தூர் பக்கத்திலிருந்து வந்த அம்மாக்களுக்குக் கன்னடம் பேச வரும். காகிதத்தில் இருந்தால் புரியாது. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்து, "என்ன மேடம் சொன்னாங்க?" என்பார்கள். வெளியே பெஞ்சில் உட்கார வைத்துத் தமிழில் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் பையனையே திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். தப்பாகப் புரிந்துகொண்டது அங்கேயே தெரிந்துவிடும்.

சந்திக்கும் நாளை அம்மாவைக் கேட்டு முடிவு செய்யுங்கள்

பொம்மனஹள்ளி கார்மெண்ட்ஸிலோ, பெல்லந்தூர் கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்கிலோ இருக்கும் அம்மா, வேலை நாளில் பையனைக் கூட்டிக்கொண்டு வந்தால் ஒரு நாள் கூலி போகும். அந்தக் கோபம் பையன் மேல் விழும். "உன்னால எனக்குச் சம்பளம் போச்சு" என்று வீட்டில் தினமும் கேட்கிறவன் வீட்டில் தங்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமையோ, அவர் ஷிப்ட் முடிந்த பிறகோ நாம் போனால் இந்தச் சண்டையே வராது.

ஒரு தடவை வரவில்லை என்பதற்காக உடனே "நிபந்தனையை மீறினான்" என்று எழுதாதீர்கள். பஸ்ஸுக்குக் காசில்லையா, முதலாளி விடவில்லையா, வேறெங்காவது மாட்டிக்கொண்டானா என்று விசாரியுங்கள். அதே சமயம், உண்மையிலேயே மீறியிருந்தால் மறைக்கவும் கூடாது. குழுமத்துக்குக் கொடுக்கும் அறிக்கையை முன்கூட்டியே பையனுக்குப் படித்துக் காட்டுவது என் வழக்கம். "நீ மூணு வாரம் கிளாஸுக்குப் போகல, அதைச் சொல்லத்தான் போறேன், காரணத்தையும் சொல்றேன்." தன் முதுகுக்குப் பின்னால் எதுவும் நடக்கவில்லை என்று தெரிந்தால், அடுத்த தடவை தப்பு நடக்கும்போது அவனே முதலில் போன் செய்வான்.

ஊருக்கு அனுப்புவது தீர்வல்ல

கேஸ் வந்ததும் பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழும் யோசனை, "ஆம்பூர்ல மாமா வீட்ல விட்டுடறோம் மேடம்." மாமா அன்பானவராக இருந்து, அங்கே படிப்போ வேலையோ இருந்தால் சரி, அதற்கும் குழுமத்தின் அனுமதி வேண்டும். மற்றபடி, பெங்களூரில் பிறந்து வளர்ந்தவன் அங்கே ஒரு மாதம் இருந்துவிட்டு, ஜோலார்பேட்டையில் ரயிலேறித் திரும்பிவிடுவான். வீட்டுக்குத் தெரியாமல் வருவதால் நேராகப் பழைய கூட்டாளியிடம்தான் போவான்.

படிப்பு, வேலை: காகிதத்தில் இருந்து தொடங்குங்கள்

பல பையன்களுக்குப் படிக்க மனமிருந்தும் டி.சி. இருக்காது, ஆதாரில் பிறந்த தேதி தப்பாக இருக்கும். முதல் மாதத்தில் இதைச் சரிசெய்யுங்கள். ஒரு பள்ளியில், "இவன் வந்தா மத்த பிள்ளைங்களும் கெட்டுடும்" என்று என்னிடமே சொன்னார்கள். சட்டத்தின் 24-ஆவது பிரிவு, இந்த வழக்கால் பிள்ளைக்கு எந்தத் தகுதியிழப்பும் வரக்கூடாது என்கிறது. அதைச் சண்டையாகச் சொல்லாமல், பொறுப்பேற்க நான் இருக்கிறேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன், சேர்த்துக்கொண்டார்கள். வகுப்பில் உட்காரவே முடியாதவனுக்குத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி மூலம் பத்தாம் வகுப்பு எழுத வழி உண்டு.

வேலை என்றால் வயதைப் பாருங்கள். 14 வயதுக்குக் கீழே கூலி வேலைக்கு வைக்கக் கூடாது; 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது. எது ஆபத்தான தொழில் என்ற பட்டியலைப் பார்க்காமல், "மெக்கானிக் கடையில் சேர்த்துவிட்டேன்" என்று திருப்தி அடையாதீர்கள். முதலாளியிடம் வழக்கு விவரத்தைச் சொல்ல வேண்டியதில்லை. "இவன் வராவிட்டால் எனக்குப் போன் பண்ணுங்க" என்பது போதும். நல்ல முதலாளி என்று நான் மதிப்பிடுவது சம்பளத்தை வைத்தல்ல. மதியம் பையனோடு சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுகிறாரா என்பதை வைத்து.

"குடிக்காதே" என்பதற்கு முன், "யார் கொடுத்தா?" என்று கேளுங்கள்

சொல்யூஷன், ஒயிட்னர், கஞ்சா: பெரும்பாலான கேஸ்களில் ஏதாவது ஒன்று இருக்கும். செல்போன் பறிப்பே அதற்கான காசுக்காகத்தான் சில நேரம் நடக்கும். நன்மை தீமை பற்றிய பிரசங்கத்தை அவன் முன்பே கேட்டிருக்கிறான். ஓசூர் ரோட்டில் நிம்ஹான்ஸ் இருப்பது பெங்களூரின் பாக்கியம். போதை மீட்புக்கென்றே அங்கே தனிப் பிரிவு இருக்கிறது. முதல் தடவை நாமே கூடப் போக வேண்டும். சீட்டுக் கொடுத்து அனுப்பினால் போக மாட்டான்.

அவனுக்குக் கொடுத்த ஆள் யார் என்பதும் முக்கியம். பிள்ளைக்குப் போதைப் பொருள் கொடுப்பவனுக்கும், பிள்ளையை வைத்து அதை விற்பவனுக்கும் ஏழு வருடம் வரை சிறை. தங்கள் சட்டவிரோத வேலைகளுக்குப் பிள்ளைகளைப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கும் அதே ஏழு வருடமும், ஐந்து லட்ச ரூபாய் அபராதமும் உண்டு. ஏரியா 'அண்ணன்' பின்னால் நிற்க, பையன் மட்டும் மாட்டிய கேஸ்களில் இந்தப் பிரிவுகளைக் குழுமத்தின் கவனத்துக்குக் கொண்டுவருவது நம் கடமை.

ஸ்டேஷனுக்கு முன்பே போய் வாருங்கள்

ஏரியாவில் ஒரு பைக் காணாமல் போனால், பழைய கேஸ் இருக்கிற பையனைத்தான் முதலில் தேடுவார்கள். வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவனை இப்படி இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போனால் வேலை போய்விடும், நம் ஆறு மாத உழைப்பும் போய்விடும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். நன்னடத்தைக் காலம் தொடங்கியதுமே அவரைப் பார்த்து, பையன் எங்கே வேலை செய்கிறான், எத்தனை மணிக்கு வருவான் என்று சொல்லி நம் நம்பரைக் கொடுத்து வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அவர் முதலில் நம்மைக் கூப்பிடுவார். பிள்ளையை லாக்கப்பில் வைக்கக் கூடாது, கைவிலங்கு போடக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும் என்பதை அம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். ராத்திரி ஸ்டேஷன் வாசலில் நிற்கப்போவது அவர்தான்.

முடியும்போது முறையாக முடியுங்கள்

நன்னடத்தைக் காலம் முடிந்ததும் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். வழக்கு முடிந்ததற்கான உத்தரவின் நகலை வாங்கிக் கொடுங்கள். கொடிய குற்றத்துக்காக வயது வந்தவர் போல விசாரிக்கப்பட்டவர்களைத் தவிர மற்றவர்களின் தண்டனைப் பதிவுகள், விதித்த காலம் முடிந்ததும் அழிக்கப்பட வேண்டும். வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும்போது பழைய கேஸ் தலைகாட்டினால், அந்த இளைஞனிடம் காட்டக் காகிதம் இருக்க வேண்டும்.

கடைசியாக, இந்த வேலையில் இல்லாதவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் ஏரியாவில் ஒரு பையன் பிடிபட்டால் அவன் போட்டோவையோ வீடியோவையோ வாட்ஸப்பில் அனுப்பாதீர்கள். அது சட்டப்படி குற்றம். அவன் திரும்பி வரும் வழியையும் அடைத்துவிடும். கடையோ பட்டறையோ வைத்திருந்தால், ஒரே ஒருவனுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். வாரத்தில் ஒரு மாலை கணக்கோ கன்னடமோ சொல்லித்தர முடிந்தாலும் போதும். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய்ப் பெயரைக் கொடுங்கள். அலுவலர் மாதத்தில் சில மணி நேரம்தான் அவனோடு இருக்க முடியும். மீதி நேரமெல்லாம் அவன் உங்கள் தெருவில்தான் இருக்கிறான்.