சாரதியின் பழைய தண்டனை: பார்ப்பதா, மறப்பதா?

லொறிக்கோ வேனுக்கோ சாரதி ஒருவரை எடுக்கும்போது நம்மில் பலர் கேட்பது இரண்டே கேள்விகள்தான். யாருடைய ஆள்? சம்பளம் எவ்வளவு? இதற்கு முன் அவர் எப்படி வாகனம் ஓட்டினார், எத்தனை முறை தண்டப்பணம் கட்டினார், நீதிமன்றம் ஏறியிருக்கிறாரா என்று கேட்பவர்கள் குறைவு. அப்படியே கேட்டாலும், பதில் பாதகமாக இருந்தால் என்ன செய்வது என்பதற்கு நம்மிடம் ஓர் ஒழுங்கு கிடையாது. அன்றைக்கு நமக்கிருக்கும் மனநிலைதான் தீர்ப்பு.

இதே கேள்விக்கு இங்கிலாந்தின் உள்ளூராட்சி சபைகள் நாள்தோறும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது. அங்கே டாக்சி ஓட்டும் உறவினர் ஒருவர் சொன்னதைக் கேட்டு, விடயத்தைத் தேடி வாசித்தேன். வியாபாரிகளாகிய நமக்கு அதில் நல்ல பாடம் இருப்பதாகத் தோன்றியது. அதையே இவ்வாரம் எழுதுகிறேன்.

அனுமதி யார் கையில்?

அங்கே கார் ஓட்டுவதற்கான சாரதி அனுமதிப்பத்திரம் வேறு, காசுக்கு ஆள் ஏற்றுவதற்கான அனுமதி வேறு. இரண்டாவதை வழங்குவது உள்ளூராட்சி சபை. லண்டனில் அந்தப் பொறுப்பு நகரப் போக்குவரத்து நிறுவனத்திடம் இருக்கிறது. லண்டனுக்கு வெளியே பிரதானமாக நடைமுறையில் இருப்பது 1976 ஆம் ஆண்டின் சட்டம். விண்ணப்பதாரர் தகுதியும் பொருத்தமும் உடையவர் என்று சபை திருப்திப்பட்டால் அன்றி அனுமதி வழங்கக்கூடாது என்று அது கூறுகிறது. இதைக் கவனியுங்கள். ‘கெட்டவர் என்று நிரூபிக்கப்பட்டால் மறுக்கலாம்’ என்று சட்டம் சொல்லவில்லை. ‘நல்லவர் என்று திருப்தி ஏற்பட்டால் மட்டும் கொடு’ என்கிறது. காட்ட வேண்டிய பொறுப்பு கேட்டு வருபவருடையது.

‘தகுதி’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் விளக்கம் இல்லை. எனவே 2020 ஜூலையில் பிரித்தானியப் போக்குவரத்து அமைச்சு வெளியிட்ட நியமங்கள், முடிவெடுப்பவர் தன்னைத் தானே கேட்டுக்கொள்ள ஒரு கேள்வியைத் தந்தன. அதன் சாரம் இதுதான்: எனக்கு வேண்டிய ஒருவரை, அவர் எந்த நிலையில் இருந்தாலும், இரவோ பகலோ, இந்த மனிதர் ஓட்டும் வாகனத்தில் தனியே அனுப்புவேனா? இல்லை என்பதே பதிலாக இருக்கலாம் என்று தோன்றினால் அனுமதி கொடுக்கக்கூடாது. குற்றவியல் வழக்கில் சந்தேகத்தின் பலன் எதிரிக்குக் கிடைக்கும். இங்கே விண்ணப்பதாரருக்குக் கிடைக்காது. பின்சீட்டில் இருப்பவருக்கே கிடைக்கும்.

எல்லாக் குற்றமும் ஒன்றல்ல

அதற்காக ஒருமுறை வேகமாக ஓட்டிய எல்லோரையும் துரத்திவிடுவதில்லை. தவறு தெரியாமலும் நடக்கலாம் என்பதை நியமங்கள் ஏற்றுக்கொள்கின்றன. சிறிய வீதிக் குற்றம் ஒரு தடவை மட்டும் என்றால் அது தடையல்ல. பல குற்றங்கள் சேர்ந்தால் அவர் பாதுகாப்பாக ஓட்டும் பழக்கம் உள்ளவரா என்ற கேள்வி எழுகிறது. பாரமான குற்றங்களுக்குக் காலக்கெடு உண்டு. குடித்துவிட்டு ஓட்டியவர், தண்டனையோ ஓட்டுவதற்கான தடையோ முடிந்து குறைந்தது 7 வருடங்கள் காத்திருக்க வேண்டும். கையில் தொலைபேசியை வைத்துக்கொண்டு ஓட்டியவருக்கு 5 வருடங்கள். உயிரிழப்புக்குக் காரணமான குற்றத்தில் தண்டிக்கப்பட்டவருக்கு அனுமதி கிடையாது.

உதாரணத்துக்கு மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்வோம். முதலாமவர் மூன்று வருடங்களுக்கு முன் ஒரே ஒருமுறை வேக எல்லையை மீறி, அங்குள்ள முறைப்படி 3 தண்டப் புள்ளிகள் பெற்றவர். அவருக்கு அனுமதி கிடைப்பதில் பெரிய சிக்கல் இராது. இரண்டாமவர் இரண்டு வருடத்துக்குள் மூன்று முறை அகப்பட்டு 9 புள்ளிகள் சேர்த்தவர். விபத்து எதுவும் இல்லை, ஒவ்வொன்றும் சிறியதுதான். ஆனால் சேர்த்துப் பார்த்தால் அது தவறுதல் அல்ல, பழக்கம். அவர் நிலை கஷ்டம்.

மூன்றாமவர் விடயம்தான் மனதை வருத்துவது. குடித்துவிட்டு ஓட்டித் தடை பெற்றார். தடை முடிந்து ஆறு வருடங்களாகின்றன. குடியை விட்டுவிட்டார், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள், வேறு தொழில் தெரியாது. நியமத்தின்படி இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். ஒவ்வொருவருடைய விடயத்தையும் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும் என்பதால் சபை இந்தக் கெடுவிலிருந்து விலகலாம். ஆனால் விலகுவதற்குத் தகுந்த காரணம் இருக்க வேண்டும். இரக்கம் மட்டும் காரணமாகாது.

குடும்பக் கஷ்டம் எடுபடுமா?

2002 இல் லீட்ஸ் நகர சபை சம்பந்தப்பட்ட வழக்கொன்றில் மேல் நீதிமன்றம் இதைத் தெளிவுபடுத்தியது. இந்த அதிகாரம் பொதுமக்களைப் பாதுகாப்பதற்கானது. ஆகவே தொழில் போனால் சாரதியும் குடும்பமும் என்ன ஆவார்கள் என்பது, நடந்ததை விளங்கிக்கொள்ள உதவும் அபூர்வமான சந்தர்ப்பம் தவிர, கணக்கில் வராது.

இதிலே ஒரு வினோதம் உண்டு. மூன்று வருடத்துக்குள் 12 புள்ளிகள் சேர்ந்தால் சாதாரண சாரதி அனுமதிப்பத்திரத்துக்கே தடை வரும். அப்போது நீதிவான் முன் நின்று, தடை வந்தால் தாங்க முடியாத கஷ்டம் ஏற்படும் என்று வாதாடித் தப்பியவர்கள் உண்டு. ஆனால் அதே மனிதர் அதே கஷ்டத்தைச் சபையிடம் சொன்னால் அது எடுபடாது. நீதிமன்றம் பார்ப்பது இவருக்கு எவ்வளவு தண்டனை என்பதை. சபை பார்ப்பது இவரது காரில் ஏறப்போகும் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் முதியவருக்கும் எவ்வளவு ஆபத்து என்பதை.

‘ஒரு குற்றத்துக்கு இரண்டு தண்டனையா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பழைய தண்டனைகள் காலம் கடந்தால் மறக்கப்பட வேண்டும் என்று 1974 ஆம் ஆண்டிலேயே அங்கே சட்டம் வந்தது. ஆனால் 2002 முதல் டாக்சி சாரதிகள் அந்தச் சலுகைக்கு விதிவிலக்கு. காரணம், அனுமதியை மறுப்பது தண்டனையாகக் கருதப்படுவதில்லை. பணத்தில் கைவைத்தவர் ஒருவர் சிறை சென்று வந்துவிட்டார் என்பதற்காக மறுநாளே நம் கல்லாப்பெட்டிச் சாவியைக் கொடுப்போமா? கொடுக்காமல் விடுவது அவரை மீண்டும் தண்டிப்பதாகுமா?

இன்னொரு வாதமும் உண்டு. நாளெல்லாம் வீதியில் இருப்பவர் அடிக்கடி அகப்படத்தானே செய்வார்? உண்மை. ஆனால் நாளெல்லாம் வீதியில் இருப்பவரிடம்தான் அதிகமான உயிர்களும் ஒப்படைக்கப்படுகின்றன.

மறைப்பது பெரிய குற்றம்

விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொல்வது 1976 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிக் குற்றம். அனுமதி பெற்ற பிறகும், வீதிக் குற்றம் ஒன்றில் அகப்பட்டால் 48 மணித்தியாலத்துக்குள் சபைக்கு அறிவிக்கும்படி சாரதியிடம் கேட்க வேண்டும் என்று நியமங்கள் சொல்கின்றன. ஒரு சபை மறுத்தவர் அதை மறைத்து அடுத்த ஊர்ச் சபையிடம் போகாமல் இருக்க, மறுப்புகளைப் பொதுப் பதிவேட்டில் இடுவதற்கு 2022 இல் சட்டம் வந்தது. சாரதிக்கும் பாதுகாப்பு இல்லாமலில்லை. சபையின் முடிவு பிழை என்று கருதினால் 21 நாட்களுக்குள் நீதிவான் நீதிமன்றத்தில் மேன்முறையீடு செய்யலாம்.

நமக்கு என்ன பாடம்?

முதலாவது, ஆள் வருவதற்கு முன்பே விதியை எழுதி வையுங்கள். எந்தக் குற்றம் இருந்தால் எடுக்கமாட்டோம், எதற்கு எத்தனை வருடம் பொறுப்போம் என்று அமைதியாக இருக்கும் வேளையில் முடிவுசெய்யுங்கள். சொந்தக்காரர் ஒருவரின் கடிதத்தோடு ஆள் வாசலில் நிற்கும்போது சரியான முடிவெடுப்பது கடினம்.

இரண்டாவது, ஒரு தவறையும் ஒரு பழக்கத்தையும் பிரித்துப் பாருங்கள். ஒரு தண்டச் சீட்டுக்காக நல்ல சாரதியை இழக்க வேண்டாம். நான்கு சீட்டுகளைச் சின்ன விடயம் என்று தள்ளிவிடவும் வேண்டாம்.

மூன்றாவது, தானாகவே வந்து சொல்பவருக்கு மதிப்புக் கொடுங்கள். சொன்னவுடனே வேலையை விட்டு நிறுத்தினால் அடுத்தவர் மறைக்கத்தான் பழகுவார்.

நான்காவது, இரக்கத்தைச் சரியான இடத்தில் காட்டுங்கள். முப்பது வருட வியாபாரத்தில் நான் கண்டது இது: ஏழைச் சாரதிக்கு உதவ நினைக்கும் முதலாளிக்கு வழிகள் பல இருக்கின்றன. களஞ்சியத்தில் வேலை கொடுக்கலாம், லொறியில் உதவியாளராக வைக்கலாம், வீட்டுச் செலவுக்குக் கைமாற்றுக் கொடுக்கலாம். ஆனால் ஸ்டியரிங்கைக் கொடுத்து உதவும்போது அந்த உதவியின் செலவை நாம் கட்டுவதில்லை. வீதியில் நடந்து போகும் யாரோ ஒருவர் கட்டுகிறார். அவரிடம் நாம் சம்மதம் கேட்கவும் இல்லை.

வாகனம் நம்முடையது, ஓட்டுபவர் நாம் தெரிந்தெடுத்தவர். அடுத்த முறை சாரதி ஒருவரை எடுக்கும்போது, ‘இவர் ஓட்டும் வேனில் என் பிள்ளையைத் தனியே அனுப்புவேனா?’ என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லத் தயங்கினால், சாவியைக் கொடுக்கவும் தயங்குங்கள்.