மாத்திரையை நிறுத்தினால் கிருமிக்குள் என்ன நடக்கிறது?

"இருமல் நின்றுவிட்டது, எடையும் கூடிவிட்டது. இனி மாத்திரை எதற்கு?" மாதவரம் வட்டாரத்தில் காசநோய்க்குச் சிகிச்சை பெறும் சகோதரர்கள் பலர் இப்படிக் கேட்கிறார்கள். இதற்கான பதிலை இம்முறை கிருமிக்குள்ளேயே சென்று பார்ப்போம்.

கிருமி வாழ்வதற்கான செய்தி முழுவதும் டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் இருக்கிறது. இழை பழுதானால் சரிசெய்யும் கருவிகளையும் கிருமி வைத்திருக்கிறது. சாதாரண நாளில் அவற்றுள் பல பூட்டப்பட்டிருக்கும்.

அந்தப் பூட்டு, லெக்ஸ்-ஏ என்ற புரதம். அதற்கு இரண்டு பாகங்கள். ஒரு பாகம் டி.என்.ஏ.வைப் பிடித்துக்கொள்ளும். மறு பாகத்தில் தன்னையே வெட்டிக்கொள்ளும் கத்தி ஒன்று மடங்கியிருக்கும்.

சாவி, ரெக்-ஏ என்ற இன்னொரு புரதம். டி.என்.ஏ. சேதமாகி ஒற்றை இழை வெளியே தெரிந்தால், ரெக்-ஏ மூலக்கூறுகள் வரிசையாக அதன்மேல் ஒட்டி, சுருள் படிக்கட்டுபோல் சுற்றிக்கொள்ளும். ஒரு சுற்றுக்குச் சுமார் 6 மூலக்கூறுகள். அந்தச் சுருளில் லெக்ஸ்-ஏ வந்து பொருந்தியதும் அதன் கத்தி விழித்து, தன்னையே இரண்டாக வெட்டிக்கொள்ளும். பூட்டு விழுந்தது, கருவிகள் வெளியே வந்தன.

காசநோய்க் கிருமியின் ரெக்-ஏ வடிவத்தைப் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் எம். விஜயன், கே. முனியப்பா ஆகியோரின் குழு எக்ஸ்ரே மூலம் கண்டறிந்து 2000ஆம் ஆண்டு வெளியிட்டது. குடலில் வாழும் ஈ-கோலை கிருமியின் ரெக்-ஏ வடிவம் 1992லேயே தெரிந்திருந்தது. ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு அமரும் குழி, காசநோய்க் கிருமியில் சற்று அகன்றிருப்பதை இக்குழு கண்டது. புதிய மருந்து தேடுவோருக்கு இத்தகைய வேறுபாடுகளே துப்பு.

இதில் நமக்கு என்ன? வெளிவரும் கருவிகளில் ஒன்று டி.என்.ஏ.-ஈ2. அது அவசரத்தில் பிழையோடு நகலெடுக்கும். அப்படி ஒரு பிழை, மருந்து வேலை செய்யாத கிருமியை உருவாக்கிவிடலாம். லீவோஃப்ளாக்சசின், மாக்சிஃப்ளாக்சசின் போன்ற மருந்துகள் டி.என்.ஏ.வையே சேதப்படுத்துவதால் இந்தப் பூட்டை நேரடியாகத் திறக்கச் செய்கின்றன. வேறு வழிகளிலும் பிழைகள் தாமாக நேர்வதுண்டு. எப்படி வந்தாலும், பல மருந்துகளைச் சேர்த்து முழுக் காலமும் கொடுத்தால் பிழைத்த கிருமியும் சாகும். பாதியில் நிறுத்தினால் அதுவே மிஞ்சிப் பெருகும். பிறகு வீட்டாருக்கும் அதே கிருமிதான் தொற்றும்.

வீட்டிலிருந்தபடியே மருந்து உண்டு குணமடையலாம் என்பதை 1959லேயே உலகுக்குக் காட்டியது நம் சென்னையில் நடந்த ஆய்வு. ஆகவே லாரியில் வெளியூர் செல்பவர்கள் மாத்திரையைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ரமலானிலும் நிறுத்தாதீர்கள், நோயாளி நோன்பைப் பின்னர் நோற்க மார்க்கத்தில் சலுகை உண்டு. வாந்தியோ, கண் மஞ்சளோ தெரிந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். எப்போது நிறுத்துவது என்பதையும் அவரே சொல்லட்டும்.