விளையாட்டுக்கும் பயங்காட்டாதீர்



ஒக்டோபர் 31, சகல புனிதர் திருநாளின் முன்னிரவு. மேல்நாட்டுப் பிள்ளைகள் அன்று பேய் வேடமிட்டு வீடுவீடாய் இனிப்புக் கேட்பர். கதவின் பின் ஒளிந்து அவர்களைப் பயமுறுத்துவது சிலருக்குச் சிரிப்பு.

பயம் விளையாட்டறியாது. 2011 ஓகஸ்ட், நோன்பு மாதம். ‘கிறீஸ் பூதம்’ என்ற பேச்சு நம் கிழக்குக் கரையோரத்தை உலுக்கியது. கல்முனைக்குடியில் அக்கம்பக்கத்தாரைக் கேளுங்கள், சொல்வார்கள். புத்தளத்தில் கொதித்த கூட்டத்தின் கையில் பொலிஸ்காரர் ஒருவர் உயிரிழந்தார். அந்நாளில் ஒருவன் வேடிக்கைக்காக இருட்டில் எட்டிப்பார்த்திருந்தால், அவன் கதி என்ன? பயந்தவன் விசாரிப்பதில்லை, ஓடுவான், அல்லது அடிப்பான்.

கடல்மேல் நடந்துவந்த ஆண்டவரைப் பூதமென்று எண்ணிச் சீடர் அலறினர் (மத். 14). அவர் உடனே தம்மை வெளிப்படுத்தி, அவர்கள் பயத்தைத் தீர்த்தார். நம் பிள்ளைகளும் அதையே பழகட்டும்.